உலாவியில் மறைகுறியாக்கப்பட்ட கிரிப்டோ பணப்பை: உடைமையும் தமிழ் எழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

கிரிப்டோ நாணயத்தைப் பரிமாற்றக நிறுவனத்தின் பொறுப்பில் விடாமல், தம் இணைய உலாவியிலேயே மறைகுறியாக்கம் செய்யப்பட்ட பணப்பையாக வைத்துக்கொள்ளும் முறை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. இம்முறையில் மறைகுறியாக்கம் கோப்பைக் காக்கிறது. உடைமை நிலைப்பதோ கடவுச்சொல்லையும் மீட்புச் சொற்களையும் சார்ந்தது. இவ்விரண்டையும் தமிழில் எண்ணி, தமிழில் எழுதிவைக்கும் பயனருக்கு எழுத்துமுறை சார்ந்த சில தனி இடர்கள் நேர்கின்றன. அவ்விடர்களை ஒருங்குறி இயல்பாக்கம், மயங்கொலி, ஒலிபெயர்ப்பு ஆகிய நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டு ஆணை இவ்வாய்வுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உலாவிப் பணப்பை, மறைகுறியாக்கம், கடவுச்சொல், மீட்புச் சொற்கள், ஒருங்குறி இயல்பாக்கம், மயங்கொலி, இடைசெவல்.

முன்னுரை

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இடைசெவல், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரும் பிறந்த ஊராகத் தமிழுலகம் அறிந்த கரிசல் சிற்றூராகும். மானாவாரி வேளாண்மையை நம்பிய இந்நிலத்தில் ஓராண்டு விளைச்சலை மறு ஆண்டின் மழை பொய்த்தாலும் கைகொடுக்குமாறு சேமித்துவைப்பது வாழ்க்கைத் தேவையாக இருந்தது. அதற்கென அமைந்த கலம் குலுக்கை. மண்ணால் உயர்த்திக் கட்டிய அதன் மேல்வாய் வழியே தானியத்தைக் கொட்டி, அடியில் உள்ள துளை வழியே வேண்டும்போது எடுத்துக்கொள்வர். அதற்குப் பூட்டு இல்லை. வீட்டில் உள்ளோர் அனைவரும் அதன் இருப்பையும் அளவையும் அறிந்திருப்பர். சேமித்தவர் இறந்தாலும் குலுக்கை அடுத்த தலைமுறைக்குத் திறந்தே கிடைக்கும்.

கிரிப்டோ நாணயம் இதற்கு நேர்மாறான சேமிப்பு. திறவுகோலை அறிந்தவரைத் தவிர வேறு எவருக்கும் அது கிடைக்காது. ஆயின் அத்திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதில் இரு முறைகள் உள்ளன. முதலாவது, பரிமாற்றக நிறுவனம் திறவுகோலை வைத்திருக்க, வாடிக்கையாளர் கணக்கு மட்டும் வைத்திருப்பது. இரண்டாவது, வாடிக்கையாளரே தம் கணினியில், பெரும்பாலும் உலாவியில், திறவுகோலை மறைகுறியாக்கி வைத்துக்கொள்வது. முதல் முறையில் நேரும் இழப்பே பலரை இரண்டாம் முறைக்குத் தள்ளுகிறது என்பதால் அதனை முதலில் காண்பது பொருத்தமாகும்.

சென்னை வழக்கும் உடைமை என்னும் கருத்தும்

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றகத்தின் பணப்பை ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அப்பணப்பை ஒரே திறவுகோலால் திறப்பதன்று. பலர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் நகரும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. கையொப்பமிட்டோர் திரையில் கண்ட பரிவர்த்தனையும் உண்மையில் கையொப்பமான பரிவர்த்தனையும் வேறுபட்டிருந்தன என்று நிறுவனம் தெரிவித்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகள் வெளியிட்ட கூட்டறிக்கை இக்களவை வடகொரியாவைச் சார்ந்தோர் செயலாகக் குறிப்பிட்டது.

களவுக்குப் பின் எல்லா வாடிக்கையாளர் கணக்குகளும் முடக்கப்பட்டன. இழப்பை அனைவரும் பகிர்ந்துகொள்ளும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. சென்னையிலிருந்து பணம் செலுத்தி 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கியிருந்த வாடிக்கையாளர் ஒருவர், களவுபோனவை வேறு வகை நாணயங்கள் என்றும் தம்முடையவை அவற்றுள் அடங்கா என்றும் கூறி இடைக்காலப் பாதுகாப்புக் கோரினார். 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, கிரிப்டோ நாணயம் தொட்டறியும் பொருளும் அன்று, செலாவணிப் பணமும் அன்று எனினும், அது உடைமையே என்றும், துய்த்தற்கும் கைக்கொள்வதற்கும் ஒருவர் பொருட்டு மற்றொருவர் பொறுப்பில் வைத்திருத்தற்கும் உரியது என்றும் கூறியது. வருமானவரிச் சட்டம் 2022 முதலே இதனை மெய்நிகர் எண்ணியல் சொத்து என வரையறுத்து, ஆதாயத்தின்மீது 30 விழுக்காடு வரி விதித்துவருகிறது.

இவ்வாணையின் பயன் பெரிது. எனினும் அதன் செயற்களம் எது என்பதையும் நோக்க வேண்டும். திறவுகோலை வைத்திருக்கும் ஒரு மூன்றாம் தரப்பு இருந்தமையாலேயே நீதிமன்றம் அத்தரப்புக்கு ஆணையிட முடிந்தது. திறவுகோல் பயனரின் உலாவியிலேயே இருந்திருப்பின் பரிமாற்றகத்தின் களவு அவரைத் தீண்டியிருக்காது. அதே வேளையில், அவர் கடவுச்சொல்லை மறந்திருந்தால் ஆணையிடுவதற்கு எதிர்த்தரப்பும் இருந்திருக்காது. உடைமை என்னும் சட்டக் கருத்து இங்கு முழுவதும் ஒருவரது அறிவின்மேல், அதாவது சில சொற்களைப் பிழையின்றி நினைவிலோ தாளிலோ வைத்திருக்கும் திறனின்மேல் அமர்ந்துவிடுகிறது.

பணப்பையினுள் இருப்பது

பணப்பை என்னும் சொல் தவறான எண்ணம் தருவது. நாணயம் எதுவும் அதனுள் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு மாற்றினர் என்னும் பதிவேடு உலகெங்கும் உள்ள கணினிகளில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளது. அப்பதிவேட்டில் ஒரு முகவரிக்கு உரிய தொகையை வேறு முகவரிக்கு மாற்றும் உரிமையைத் தருவது தனித்திறவுகோல் எனப்படும் 256 இரும இலக்க எண்ணே. பதின்ம எண்ணாக எழுதினால் அது 78 இலக்கம் வரை நீளும். பணப்பை என்பது இவ்வெண்ணை வைத்திருக்கும் சிறு கோப்பு மட்டுமே. திறவுகோல் கொத்து என்று அழைத்திருந்தால் பொருந்தியிருக்கும்.

இக்கோப்பை உலாவியில் வைத்தல் 2011இல் தொடங்கிய பிளாக்செயின்.இன்ஃபோ போன்ற தளங்களால் பரவியது. பணப்பைக் கோப்பு உலாவியிலேயே மறைகுறியாக்கப்பட்டு, மறைந்த வடிவிலேயே தளத்தின் சேவையகத்துக்குச் சென்றது. கடவுச்சொல் உலாவியை விட்டு வெளியேறவில்லை. 2016இல் கான்சென்சிஸ் நிறுவனம் வெளியிட்ட மெட்டாமாஸ்க் ஓர் உலாவி நீட்சியாக அமைந்தது. அதில் மறைகுறியாக்கப்பட்ட கோப்பு சேவையகத்துக்கும் செல்வதில்லை; பயனரின் வன்தட்டில், உலாவி தன் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புறைக்குள் தங்குகிறது. உலாவிக்கெனச் சீரான மறைகுறியாக்கச் செயல்முறைகளை வரையறுத்த வெப் கிரிப்டோ பரிந்துரையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 ஜனவரியில் வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு தளமும் இப்பணியைத் தன் நிரலாலேயே செய்துகொண்டது. அதன் விளைவு பின்னர்க் காணப்படும்.

கடவுச்சொல் திறவுகோலாகும் முறை

பயனர் அளிக்கும் கடவுச்சொல் நேரடியாகக் கோப்பை மறைப்பதில்லை. அது முதலில் பி.பி.கே.டி.எஃப்.2 என்னும் வழிமுறைக்குள் செலுத்தப்படுகிறது. கடவுச்சொல்லுடன் தற்போக்கான எண் துணுக்கு ஒன்று சேர்க்கப்பட்டு, அக்கலவை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அரைக்கப்படுகிறது. முடிவில் கிடைக்கும் 256 இரும இலக்க எண்ணே ஏ.இ.எஸ். மறைகுறியாக்கத்துக்குத் திறவுகோலாகிறது. துணுக்கு சேர்ப்பதால் இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் திறவுகோல்கள் வேறுபடும். பலமுறை அரைப்பதால், ஊகித்துப் பார்க்கும் கள்வனுக்கு ஒவ்வோர் ஊகத்துக்கும் அதே உழைப்புச் செலவாகும்.

ஏ.இ.எஸ். முறையை நேரடியாக உடைத்த நிகழ்வு இதுவரை இல்லை. ஆகவே கள்வன் அதனைத் தாக்குவதில்லை, கடவுச்சொல்லையே ஊகிக்கிறான். மெட்டாமாஸ்க் தொடக்கத்தில் 10,000 சுற்றுகளைக் கொண்டிருந்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை பல லட்சமாக உயர்த்தப்பட்டது. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் இவ்வழிமுறையின் பொதுவடிவத்துக்கு 6,00,000 சுற்றுகளைப் பரிந்துரைக்கிறது. இவ்வேறுபாட்டின் அளவை ஒரு கணக்கால் உணரலாம்.

10,000 சுற்றுகள் கொண்ட கோப்பின்மேல் ஒரு கள்வன் நொடிக்கு ஒரு லட்சம் ஊகங்களைச் சோதிக்க இயலும் எனக் கொள்க. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினைத் தற்போக்காகச் சேர்த்து அமைத்த கடவுச்சொற்கள் மொத்தம் ஏறத்தாழ 20,883 கோடி. அனைத்தையும் சோதிக்க 24 நாள் போதும். சுற்றுகள் 6,00,000 ஆனால் அதே பணிக்கு நான்கு ஆண்டுகள் வேண்டும். இது நல்ல காப்பே.

ஆனால் மனிதர் கடவுச்சொல்லைத் தற்போக்காக அமைப்பதில்லை. ஊர்ப்பெயருடன் பிறந்த ஆண்டைச் சேர்த்து எழுதும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் இடைசெவல் என்று எழுதி நான்கு இலக்க ஆண்டைச் சேர்த்தால் கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டும். நீளத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் அதனை வலிமையானது என ஏற்றுக்கொள்ளும். தமிழகத்து ஊர்ப்பெயர்களை 20,000 என்றும், ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஐந்து என்றும், ஆண்டுகள் 100 என்றும் கொண்டால் மொத்த ஊகங்கள் ஒரு கோடியே. முன் சொன்ன கள்வனுக்கு இதற்கு 100 நொடி ஆகும். சுற்றுகளை அறுபது மடங்கு பெருக்கினாலும் 100 நிமிடம்தான். கரிசலின் சிற்றூர்ப் பெயர் எவருக்கும் தோன்றாது என்னும் நம்பிக்கை இவ்வளவு நேரமே தாங்கும்.

பூட்டைச் சுற்றிச் செல்லும் வழிகள்

ஊகிப்பதற்கு முன் கள்வனுக்குக் கோப்பு கைக்கு வர வேண்டும். ரெட்லைன் போன்ற தகவல் திருடும் தீநிரல்கள் இதனையே செய்கின்றன. இலவச மென்பொருள் என்னும் பெயரில் நுழைந்து, உலாவியின் கோப்புறையில் பணப்பை நீட்சிகளின் தரவைத் தேடிப் படியெடுத்து அனுப்புகின்றன. 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் இணைந்து ரெட்லைன் வலையமைப்பை முடக்கின. ஆயினும் முன்பே படியெடுக்கப்பட்ட கோப்புகளை எந்த முடக்கமும் திரும்பப் பெறாது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்னும் கடவுச்சொல் காப்பு நிறுவனத்திலிருந்து மறைகுறியாக்கப்பட்ட பெட்டகங்கள் படியெடுக்கப்பட்டன. அதன்பின் நிகழ்ந்த கிரிப்டோ களவுகள் பலவற்றை ஆய்வாளர் அந்நிகழ்வோடு தொடர்புபடுத்தியுள்ளனர். கள்வனிடம் படி இருக்கும்வரை பழைய கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. நாணயத்தைப் புதிய திறவுகோலுக்கு மாற்றுவதே வழி.

சில பிழைகளில் கள்வன் கோப்பைத் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. அன்சைஃபர்டு என்னும் நிறுவனம் 2023 நவம்பரில் ரேண்ட்ஸ்டார்ம் எனப் பெயரிட்டு வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 2011 முதல் 2015 வரையில் உலாவியில் உருவான பணப்பைகள் பலவற்றில் தனித்திறவுகோலுக்கான தற்போக்கு எண், உலாவியின் சாதாரண எண்ணாக்கியிலிருந்து பெறப்பட்டிருந்தது. அந்த எண்ணாக்கி விளையாட்டுகளுக்கு ஏற்றது, மறைகுறியீட்டுக்கு அன்று. எனவே திறவுகோல்கள் வேண்டிய அளவு கணிக்கமுடியாதவையாக அமையவில்லை. டிரஸ்ட் வாலட் நிறுவனத்தின் உலாவி நீட்சியில் 2022இல் கண்டறியப்பட்ட பிழையும் இவ்வகையினதே. திறவுகோலே எளிதில் கணிக்கத்தக்கது எனில் அதைப் பூட்டிவைத்த பெட்டியின் வலிமை பொருட்டன்று.

2022 ஜூனில் ஹால்போர்ன் நிறுவனம் வெளிப்படுத்திய மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. உலாவி எதிர்பாராமல் மூடிக்கொண்டால், பயனர் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை மீளத் தருவதற்காக, படிவத்தில் தட்டச்சானவற்றை உலாவியே வன்தட்டில் எழுதிவைக்கும். கடவுச்சொல்லுக்கென அமைந்த கட்டங்களுக்கு மட்டுமே விலக்கு. மெட்டாமாஸ்க் உள்ளிட்ட சில பணப்பைகளில் மீட்புச் சொற்களைத் திரையில் தெரியும்படி உள்ளிட்டபோது அச்சொற்கள் சாதாரணப் படிவ எழுத்தாகவே கருதப்பட்டு, மறைகுறியாக்கமின்றி வன்தட்டில் பதிந்தன. பூட்டிய பெட்டிக்கு அருகில், உதவும் எண்ணத்தோடு, உலாவி திறவுகோலின் படியொன்றை வைத்துவிட்டது எனலாம். பலர் பொதுவில் பயன்படுத்தும் கணினி மையங்களில் இத்தகைய எச்சங்களின் ஆபத்து கூடுதலாகும். அத்தகைய கணினியில் மீட்புச் சொற்களை ஒருமுறையேனும் தட்டச்சு செய்தல் தகாது.

பணப்பை திறந்திருக்கும் வேளையில் நிகழ்வது வேறு. அப்போது திறவுகோல் கணினியின் நினைவகத்தில் மறைப்பின்றி இருக்கும். திரையில் காட்டப்படும் பரிவர்த்தனையைப் பயனர் நம்பி ஒப்புவார். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரை இழந்தது. சேஃப் என்னும் பணப்பையின் வலைத்தளத்திலிருந்து உலாவிக்கு வந்த ஜாவாஸ்கிரிப்டு நிரல் மாற்றப்பட்டிருந்தமையே அதன் காரணம். எந்த மறைகுறியாக்கமும் அங்கு உடைபடவில்லை. உரியவர்களே உரிய திறவுகோலால் கையொப்பமிட்டனர். உலாவி காட்டியது மட்டும் பொய்.

தமிழில் அமைத்த கடவுச்சொல்

ஆங்கில எழுத்துகளில் ஊகிக்கும் கள்வனைத் தவிர்க்கத் தமிழ் எழுத்துகளிலேயே கடவுச்சொல் அமைக்கலாம் என்னும் எண்ணம் இயல்பானது. இது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் பூட்டியவரே திறக்க முடியாமற்போகும் இடர் இங்கு உள்ளது.

'கொடி' என்பது தமிழ் இலக்கணப்படி இரண்டு எழுத்து. ஒருங்குறியில் அது நான்கு குறியீட்டுப் புள்ளிகள்: ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி. ஆனால் ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்னும் இரு புள்ளிகளாகவும் எழுதலாம். இரண்டாம் வகையில் அதே சொல் ஐந்து புள்ளிகளாகும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. மறைகுறியாக்கம் பார்ப்பது கணினியில் பதியும் எண்களைத்தான். முதல் வகையில் 12 பைட்டுகளும் இரண்டாம் வகையில் 15 பைட்டுகளும் பதியும். ஓர் எண் மாறினாலும் கிடைக்கும் திறவுகோல் முற்றிலும் வேறாகிவிடும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். இவ்வேறுபாட்டை நீக்குவதற்கென ஒருங்குறித் தரம் இயல்பாக்கம் என்னும் விதியை வகுத்துள்ளது. இயல்பாக்கம் செய்யும் மென்பொருளில் இடர் இல்லை. செய்யாத மென்பொருளில், ஒரு விசைப்பலகையில் அமைத்த கடவுச்சொல் வேறொரு விசைப்பலகையில் ஏற்கப்படாமற் போகலாம்.

இயல்பாக்கத்தால் தீராத மயக்கங்களும் உள்ளன. ஔகார உயிரெழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் இட்டு எழுதியதும் அச்சில் ஏறத்தாழ ஒன்றே; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'ஸ்ரீ' என்னும் வடிவத்தை இரு வேறு மெய்களைக் கொண்டு தோற்ற வேறுபாடின்றித் தட்டச்சு செய்யலாம். ககர மெய்யும் ஷகரமும் ஒட்டாதிருக்க இடையில் இடப்படும் புலனாகாக் குறியும் ஒரு புள்ளியாகவே பதியும். கடவுச்சொல் பெட்டியோ எழுத்தைக் காட்டாமல் கரும்புள்ளிகளையே காட்டும். சில இயங்குதளங்களில் அப்பெட்டிக்குள் தமிழ் விசைப்பலகை இயங்குவதும் இல்லை. இக்காரணங்களால், இயல்பாக்கம் உறுதியாகத் தெரியாத பணப்பைக்குத் தமிழ் எழுத்துக் கடவுச்சொல் இப்போதைக்கு ஏற்றதன்று எனலாம். தமிழ்ச் சொற்களைத் தொடர்பின்றி ஐந்தாறு தெரிந்தெடுத்து ஆங்கில எழுத்தில் ஒரே சீராக எழுதுவது, ஊகிக்க அரிதாகவும் தட்டச்சில் மயக்கமின்றியும் அமையும்.

மீட்புச் சொற்களும் மயங்கொலியும்

கணினி பழுதடைந்தாலோ கடவுச்சொல் மறந்தாலோ பணப்பையை மீண்டும் உருவாக்க உதவுபவை மீட்புச் சொற்கள். பிப்-39 என்னும் 2013ஆம் ஆண்டு வரைவின்படி, 128 இரும இலக்கத் தற்போக்கு எண்ணுடன் 4 சரிபார்ப்பு இலக்கங்கள் சேர்க்கப்பட்டு, கிடைக்கும் 132 இலக்கங்கள் பதினொன்று பதினொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல்லைச் சுட்டும். இவ்வாறு பன்னிரண்டு சொற்கள் கிடைக்கின்றன. இவற்றைத் தாளில் எழுதிவைக்கும்படி மென்பொருள் அறிவுறுத்துகிறது. மறைகுறியாக்கப்பட்ட கோப்பு, கடவுச்சொல் ஆகிய இரண்டும் அழிந்தாலும் இத்தாள் ஒன்றே போதும். கள்வனுக்கும் அவ்வாறே.

இவ்வரைவின் பட்டியல்கள் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், சீனம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் உள்ளன. தமிழ்ப் பட்டியல் அவற்றுள் இல்லை. எனவே தமிழ்ப் பயனருக்கும் ஆங்கிலச் சொற்களே கிடைக்கின்றன. அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகாதவர், ஒருவர் வாசிக்கக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டால் என்ன நேரும்?

தமிழ் எழுத்துமுறை வல்லின ஒலிப்பில் உள்ள வேறுபாட்டைத் தனி எழுத்தால் காட்டுவதில்லை. இடம் நோக்கி ஒலிப்பு அமையும் என்பது தமிழின் இயல்பு. ஆங்கிலச் சொல்லுக்கு அவ்விதி பொருந்தாது. பட்டியலில் சிறுபிள்ளையைக் குறிக்கும் சொல்லும் கருவித் தொகுப்பைக் குறிக்கும் சொல்லும் தனித்தனியே உள்ளன. தமிழில் இரண்டும் 'கிட்'. மின்விளக்கின் குமிழைக் குறிக்கும் சொல்லும் பழக்கூழைக் குறிக்கும் சொல்லும் 'பல்ப்'. சொட்டுதலும் பயணமும் 'ட்ரிப்'. உலர்தலும் முயலுதலும் 'ட்ரை'. இப்பட்டியலை வகுத்தோர் முதல் நான்கு எழுத்துகளாலேயே ஒவ்வொரு சொல்லையும் வேறுபடுத்திக் காணலாம் என்பதை நெறியாகக் கொண்டனர். அந்நெறி தமிழ் எழுத்துக்கு மாறும்போது சிதைகிறது.

இவ்விழப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் அளந்து கூற வேண்டும். பன்னிரண்டு சொற்களுள் மூன்று இவ்வாறு இருபொருள்பட்டால் எட்டு வகையாகப் படிக்கலாம். நான்கு சரிபார்ப்பு இலக்கங்கள் இருப்பதால் தவறான வகைகளுள் பதினாறில் ஒன்றே சரிபோல் தோன்றும். எஞ்சியவற்றை மென்பொருள் உடனே மறுத்துவிடும். ஆகவே பொறுமையுடன் முயன்றால் மீட்கலாம். மீட்க அரிதானது வரிசை குலைதல். பன்னிரண்டு சொற்களும் சரியாக இருந்து, எண்ணிடாமல் இரு பத்திகளாக எழுதப்பட்டு, எவ்வழியே படிப்பது என மறந்துவிட்டால் இரண்டொரு முயற்சி போதும். தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதி வரிசை கலைந்தால், வாய்ப்புகள் 47,90,01,600. சரிபார்ப்பு இலக்கங்கள் வடிகட்டிய பின்னும் ஏறத்தாழ மூன்று கோடி எஞ்சும். நிரல் எழுத அறிந்தவர்க்கு இது ஓரிரு நாள் வேலை. வீட்டில் உள்ள பிறர்க்கு அது முடிந்த கதை.

எளிய தீர்வு ஒன்று உண்டு. பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நிலையான வரிசை எண் இருக்கிறது. சொல்லுடன் அவ்வெண்ணையும் எழுதிவைத்தால் எழுத்துமுறை சார்ந்த மயக்கம் முழுவதும் நீங்கும். எண்ணுக்கு மயங்கொலி இல்லை. சில மென்பொருள்கள் பட்டியலைச் சுழியத்திலிருந்தும் சில ஒன்றிலிருந்தும் எண்ணுவதால், எதிலிருந்து எண்ணப்பட்டது என்பதைத் தாளின் தலைப்பில் குறிப்பது இன்றியமையாதது.

தமிழுக்கெனப் பட்டியல் ஒன்று வகுப்பது ஆய்வாளர்க்குரிய பணி. அது 2,048 சொற்களைத் திரட்டுவதோடு முடிவதன்று. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், ணகர, நகர, னகரங்களும் மயங்கும் இணைகளுள் ஒன்றை மட்டுமே ஏற்க வேண்டும். வலி, வளி, வழி மூன்றும் ஒரே பட்டியலில் இருத்தல் கூடாது. பேச்சுவழக்கும் இதில் குறுக்கிடும். அகரம் தொடரும்போது முதலில் நிற்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரிவது தென்வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழ்ப் பேச்சில் பரவலாக உள்ளது. இலை 'எலை' என்றும் உலக்கை 'ஒலக்கை' என்றும் ஒலிக்கும். கேட்டு எழுதுவோர் ஒலித்தபடியே எழுதக்கூடும். முதல் எழுத்தே மாறினால் முதல் நான்கு எழுத்து நெறி பயன்படாது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கண்டவர் இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன். அத்தகைய வட்டார அகராதிகளைப் பொது அகராதியோடு ஒப்பிட்டு, எவ்வட்டாரத்தில் ஒலித்தாலும் எழுத்து மாறாத சொற்களை வடித்தெடுப்பது செய்யத்தக்க ஆய்வாகும். இயல்பாக்க விதியை அவ்வரைவு முன்பே கட்டாயமாக்கியிருப்பதால் ஒகரக் குறிச் சிக்கல் அங்கு எழாது. எனினும் ஆங்கிலம் அல்லாத பட்டியலைப் பல பணப்பைகள் ஏற்பதில்லை என்பதால், அத்தகைய தமிழ்ப் பட்டியல் வந்தாலும் எண்ணையும் சேர்த்து எழுதும் வழக்கம் தேவைப்படும்.

வாரிசுரிமை

வங்கிக் கணக்கர் இறந்தால் நியமனதாரர் உண்டு. வாரிசுச் சான்றிதழுடன் சென்றால் வங்கி பணத்தைத் தரும். பரிமாற்றகக் கணக்காயினும், சென்னை ஆணை காட்டும் வழியில், உடைமைக்குரியவர் நீதிமன்றத்தை அணுகலாம். உலாவிப் பணப்பையில் வாரிசுக்குக் கிடைப்பது கணினி மட்டுமே. அதனுள் மறைகுறியாக்கப்பட்ட கோப்பு இருக்கும். சட்டப்படி அது அவருடைய உடைமை. திறக்க இயலாது. எந்த அலுவலகத்துக்கும் மனுச்செய்ய இயலாது.

எனவே தாளில் எழுதிவைத்தல் தவிர்க்க இயலாதது. அத்தாளில் பன்னிரண்டு சொற்கள், அவற்றின் வரிசை, பட்டியல் எண், பணப்பை மென்பொருளின் பெயர், எந்த நாணயம் என்னும் குறிப்பு ஆகியவை இருத்தல் வேண்டும். பணப்பையின் பெயர் இல்லாமல் சொற்கள் மட்டும் கிடைத்த வாரிசு, அவை எதற்கானவை என்பதையே அறியமாட்டார். தாள் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும். குலுக்கை நிற்கும் மூலையை அனைவரும் அறிந்திருந்ததைப்போல அன்று, நம்பிக்கைக்குரிய ஒருவர் மட்டும்.

இச்சொற்களை உயிலில் எழுதிவிடலாம் என்னும் கருத்து எழக்கூடும். பதிவுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட உயிலின் நகலை, எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெறலாம். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். மீட்புச் சொற்கள் அவ்வுயிலில் இருந்தால், வாரிசு நகல் பெறுவதற்கு முன்பே வேறொருவர் நகல் பெற்று நாணயத்தை மாற்றிவிட முடியும். பதிவேட்டில் அம்மாற்றம் முறையானதாகவே நிற்கும். ஆகவே உயிலில் பணப்பை உண்டு என்பதையும், அதற்கு உரியவர் யார் என்பதையும், தாள் இருக்கும் இடத்தை அறிந்தவர் யார் என்பதையும் மட்டும் எழுதி, சொற்களைத் தனியே வைப்பதே தக்கது.